சைடு, த்ரின், கொனசோல்: மருந்துப் பாட்டிலில் பெயரின் வாலைப் படிப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: "உரக்கடையில் இன்செக்டிசைடு, ஃபங்கிசைடு, ஹெர்பிசைடு என்று எல்லாமே சைடு என முடிகிறது. இப்படி முடியும் ஆங்கிலச் சொற்களையும் அவற்றின் பொருளையும் எழுதித் தர முடியுமா? சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஒரு மருந்து அடித்தோம், கேட்கவில்லை. வேறு மருந்து வாங்கி அடித்தோம், அதுவும் கேட்கவில்லை. இரண்டிலும் இன்செக்டிசைடு என்றுதான் போட்டிருக்கிறது." முதல் பாட்டிலில் லாம்ப்டா சைஹாலோத்ரின், இரண்டாவதில் சைபர்மெத்ரின் என்று சிறிய எழுத்தில் இருந்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். சொற்பட்டியல் கேட்பதுபோல இருந்தாலும் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இரண்டு: இந்த மருந்து எதைக் கொல்லும், ஏற்கெனவே அடித்ததிலிருந்து இது நிஜமாகவே வேறானதா. இரண்டையும் பெரும்பாலும் பெயரைப் படித்தே சொல்லிவிடலாம். முதல் கேள்விக்கு 'சைடு' பதில் சொல்லும். இரண்டாவதற்கு அது உதவாது. அதற்குத் தொழில்நுட்பப் பெயரின் கடைசி அசையைப் பார்க்க வேண்டும்.

முதலில் சைடு. பக்கம் என்று பொருள்படும் சைடு ஆங்கிலத்தில் 'எஸ்' எழுத்தில் தொடங்கும். இது 'சி' எழுத்தில் தொடங்கும். இரண்டுக்கும் தொடர்பில்லை. லத்தீனில் வெட்டுதல், வெட்டிக் கொல்லுதல் என்று பொருள்படும் 'கைதெரே' என்ற வினைதான் இதன் வேர். கொல்பவனைக் குறிக்க ஒரு முடிவு, கொலைச் செயலைக் குறிக்க இன்னொரு முடிவு என்று லத்தீனில் தனித்தனியாக இருந்தவை ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் இன்செக்டிசைடு என்பது கொல்லும் பொருளையும், ஹோமிசைடு என்பது மனிதக் கொலை என்ற செயலையும் குறிக்கின்றன. சூயிசைடு தன்னையே கொல்வது, இன்ஃபான்டிசைடு சிசுக்கொலை, ரெஜிசைடு அரசனைக் கொல்வது, மேட்ரிசைடு தாயை, பேட்ரிசைடு தந்தையை, ஃப்ராட்ரிசைடு உடன்பிறந்தவனைக் கொல்வது. ஜெனோசைடு, அதாவது இனப்படுகொலை, இவற்றில் மிகப் புதியது. ரஃபேல் லெம்கின் என்ற சட்ட அறிஞர் இனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு இந்த வாலை ஒட்டி உருவாக்கிய அந்தச் சொல் 1944-இல் அச்சேறியது.

வயலுக்கு வருவோம். பெஸ்டிசைடு என்பது பொதுப்பெயர். பயிருக்குத் தீங்கு செய்யும் எதைக் கொன்றாலும் பெஸ்டிசைடுதான். இன்செக்டிசைடு பூச்சியைக் கொல்வது. ஃபங்கிசைடு பூஞ்சாணத்தை. ஹெர்பிசைடு செடியை, அதாவது களையை. நம் நாட்டில் வீடிசைடு என்றும் போடுவார்கள், இரண்டும் ஒன்றே. அகாரிசைடு அல்லது மைட்டிசைடு சிலந்திப்பேனைக் கொல்வது. இதைக் கொஞ்சம் கவனியுங்கள்: பூச்சிக்கு ஆறு கால், சிலந்திப்பேனுக்கு எட்டு. கத்தரி, வெண்டையில் இலையின் அடியில் வரும் செஞ்சிலந்திக்கு வெறும் இன்செக்டிசைடு அடித்தால் பல நேரம் கேட்காது. சில மருந்துகள் அதைத் தின்னும் இரைவிழுங்கிகளை மட்டும் கொன்று அதைப் பெருகவும் விட்டுவிடும். நெமட்டிசைடு நூற்புழுவுக்கு, மொலஸ்கிசைடு நத்தைக்கு, ரோடென்டிசைடு எலிக்கு, ஆல்ஜிசைடு பாசிக்கு. ஓவிசைடு முட்டையை அழிப்பது, லார்விசைடு புழுப் பருவத்தை. தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழுவுக்கு ஊற்றும் டெமிஃபாஸ் ஒரு லார்விசைடு. பறக்கும் கொசுவுக்கென்று ஊற்றுவதல்ல அது.

பாக்டீரிசைடு என்ற சொல்லைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். சம்பா, தாளடியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் நெல் இலை கருகினால் பலர் உடனே குலைநோய் என்று ட்ரைசைக்ளசோல் வாங்கி அடிக்கிறார்கள். அது ஃபங்கிசைடு. வந்திருப்பது பாக்டீரியா இலைக்கருகலாக இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். குலைநோய்ப் புள்ளி கண் வடிவில் இருக்கும், நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பு. பாக்டீரியா கருகல் இலை நுனியிலிருந்து இரு ஓரமாகவும் வைக்கோல் நிறத்தில், அலையலையான விளிம்போடு கீழே இறங்கும். சந்தேகமாக இருந்தால் காலையில் நோய் கண்ட இலையை, பச்சையும் கருகலும் சேரும் இடத்தில் சிறு துண்டாக நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி அதில் வெட்டுமுனை மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து மெல்லிய பால் இழை போல ஒன்று தண்ணீரில் இறங்கினால் அது பாக்டீரியா. அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை யூரியாவை நிறுத்துவது. அதன்பின் பசுஞ்சாணக் கரைசல் 20 சதவீதம் அல்லது தாமிர மருந்து. தாமிரம் பூஞ்சாணம், பாக்டீரியா இரண்டிலும் வேலை செய்யும் என்பதால் அதன் டப்பாவில் ஃபங்கிசைடு என்று மட்டும் போட்டிருந்தாலும் குழம்ப வேண்டாம்.

இங்கே காதை ஏமாற்றும் ஒன்றும் இருக்கிறது. காப்பர் ஹைட்ராக்சைடு என்பதும் சைடு என்றே ஒலிக்கிறது. அது கொல்லும் சைடு அல்ல. ஆக்சைடு, குளோரைடு, ஃபாஸ்ஃபைடு ஆகியவற்றின் 'ஐடு' வேதியியலில் ஒரு சேர்மத்தைக் காட்டும் வால். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லவாய்சியேவும் அவருடைய கூட்டாளிகளும் வேதிப் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது நிலைபெற்றது. காப்பர் ஆக்சிகுளோரைடு பூஞ்சாணத்தைக் கொல்கிறது, ஜிங்க் ஃபாஸ்ஃபைடு எலியைக் கொல்கிறது. அந்தக் கொல்லும் குணத்தை அவற்றின் வால் சொல்லவில்லை. சாதாரண ஆங்கிலத்திலும் இப்படி உண்டு. டிசைடு, அதாவது முடிவு செய்தல், கைதெரேயிலிருந்துதான் வருகிறது. மற்ற வழிகளை வெட்டிவிட்டு ஒன்றைக் கொள்வது. ஆனால் கோயின்சைடு, ஒரே நேரத்தில் நிகழ்தல், விழுதல் என்று பொருள்படும் வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. எழுத்து ஒன்றாக இருந்தும் வேர் வேறு.

சட்டமும் ஒரு குழப்பம் செய்கிறது. 1968-ஆம் ஆண்டின் இன்செக்டிசைட்ஸ் சட்டம் பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, களைக்கொல்லி எல்லாவற்றையும் 'இன்செக்டிசைடு' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. கடையின் உரிமத்திலும் பில்லிலும் அந்தச் சொல் இருப்பதால் உள்ளே இருப்பது பூச்சி மருந்துதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். களைக்கொல்லிக்கும் அதே தலைப்பில்தான் பில் வரும். பாட்டிலில் தொழில்நுட்பப் பெயருக்குப் பக்கத்தில், எந்தப் பயிர், எந்த நோய் அல்லது பூச்சி என்று அச்சிட்ட பகுதிதான் கணக்கு.

இனி இரண்டாவது வால். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த விற்பனைப் பெயர். ஒரே மருந்துக்குப் பத்து விற்பனைப் பெயர் இருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், சதவீதத்தோடும், மருந்து எந்த வடிவில் இருக்கிறது என்று காட்டும் ஈசி, எஸ்சி, டபிள்யூபி போன்ற குறியோடும் இருப்பதுதான் மருந்தின் சொந்தப் பெயர். இந்தப் பெயர்களை ஐ.எஸ்.ஓ. எனும் பன்னாட்டுத் தர அமைப்பு உலகம் முழுவதற்கும் ஒன்றாக வைத்திருக்கிறது. ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே வால் இருக்கும். மனித மருந்துகளிலும் உலகச் சுகாதார அமைப்பு இதே போன்ற வழக்கத்தை வைத்திருக்கிறது: அட்டெனோலால், மெட்டோப்ரோலால் ஒரு குடும்பம், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் இன்னொரு குடும்பம்.

உங்கள் இரண்டு பாட்டில்களையும் இப்போது பாருங்கள். சைஹாலோத்ரின், சைபர்மெத்ரின்: இரண்டுக்கும் 'த்ரின்' வால். சாமந்தி இனப் பூவிலிருந்து எடுத்த பைரெத்ரின் என்ற இயற்கை நஞ்சைப் பின்பற்றி ஆய்வகத்தில் செய்தவை இவை. டெல்டாமெத்ரின், பைஃபென்த்ரின், வீட்டில் கொசுவுக்குச் செருகும் திரவத்திலிருக்கும் ட்ரான்ஸ்ஃப்ளூத்ரின் எல்லாம் அதே குடும்பம். எல்லாமே பூச்சியின் நரம்பில் சோடியம் செல்லும் வாயிலை மூடவிடாமல் செய்து கொல்கின்றன. முதல் பாட்டிலைத் தாங்கிக்கொள்ளும் புழு இரண்டாவதையும் தாங்கும் வாய்ப்பு அதிகம். நீங்கள் கடையையும் பாட்டிலையும் மாற்றினீர்கள், மருந்தை மாற்றவில்லை. ஆனால் எதிர்ப்புத் திறன்தான் காரணம் என்று இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. இந்தப் புழு இலையைச் சுருட்டித் தைத்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். சுருட்டிய பிறகு மேலே படும் மருந்து உள்ளே சேர்வது கடினம். தண்ணீர் குறைவாகக் கலந்து அவசரமாக அடித்திருந்தாலும் இதே பலன்தான்.

நெல்லில் த்ரின் குடும்பத்தைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம், நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் என்ற தத்துப்பூச்சி. வயலில் இருக்கும் சிலந்திகளும் புகையான் முட்டையை உறிஞ்சும் சிறு நாவாய்ப்பூச்சிகளும் இந்த மருந்தில் முதலில் சாகும். பிறகு தூரில் புகையான் தடையில்லாமல் பெருகும். இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் பரிந்துரையும் புகையான் வரும் இடங்களில் இவற்றை வேண்டாம் என்கிறது. மீனுக்கும் இந்தக் குடும்பம் கடும் விஷம். அடித்த வயலின் தண்ணீரை மீன் வளர்க்கும் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ வடித்துவிடக் கூடாது.

மற்ற வால்களில் உங்களுக்கு அடிக்கடி கண்ணில் படுபவற்றைச் சொல்கிறேன். 'ப்ரிட்' என்று முடியும் இமிடாக்ளோப்ரிட், அசிட்டாமிப்ரிட், தயாக்ளோப்ரிட் ஆகியவை புகையிலையின் நிகோட்டினைப் போல நரம்பைத் தாக்குபவை, சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு. புகையானில் இமிடாக்ளோப்ரிட் பல ஆசிய நாடுகளில் 2000-களின் நடுவிலேயே வலுவிழந்துவிட்டது. 'ஃபாஸ்' என்று முடியும் குளோர்பைரிஃபாஸ், ப்ரொஃபெனோஃபாஸ், குயினால்ஃபாஸ் ஆகியவை பாஸ்பரஸ் குடும்பம். நரம்பில் ஒரு நொதியை முடக்கும், மனிதனுக்கும் அதே நொதியில்தான் அடி. ட்ரையசோஃபாஸும் ஃபோரேட்டும் 2020 இறுதியோடு நாட்டில் தடை செய்யப்பட்டவை. பழைய இருப்பு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். 'ப்ரோல்' என்று முடியும் குளோரான்ட்ரானிலிப்ரோல் புழுவின் தசையில் கால்சியத்தைக் கசியவிட்டு அதைத் தின்னவிடாமல் செய்வது. 'மெக்டின்' என்றால் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து வந்தது: அபாமெக்டின், எமாமெக்டின், மனிதருக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் ஐவர்மெக்டின். பூஞ்சாணக்கொல்லியில் 'கொனசோல்' பெரிய குடும்பம்: ஹெக்சாகொனசோல், ப்ராபிகொனசோல், டெபுகொனசோல். 'ஸ்ட்ரோபின்' வால் ஸ்ட்ரோபிலூரஸ் என்ற காளானிலிருந்து வந்தது: அசாக்சிஸ்ட்ரோபின், ட்ரைஃப்ளாக்சிஸ்ட்ரோபின். 'மைசின்' என்றால் நுண்ணுயிர் தரும் மருந்து. இலையுறைக் கருகலுக்கு வாலிடாமைசின், குலைநோய்க்குக் கசுகாமைசின். களைக்கொல்லியில் 'குளோர்': நட்ட 3-ஆம் நாளிலிருந்து 5-ஆம் நாளுக்குள், களை முளைக்கும் முன், ஏக்கருக்கு 20 கிலோ மணலில் கலந்து, வயலில் மெல்லிய தண்ணீர் நிறுத்தி வீசும் பியூட்டாகுளோரும் ப்ரெட்டிலாகுளோரும். சேற்று விதைப்பில் வெறும் ப்ரெட்டிலாகுளோர் நெல் முளையையும் அடித்துவிடும். நெல் முளையைக் காக்கும் 'சேஃப்னர்' சேர்ந்தது என்று பாட்டிலில் இருக்கிறதா பார்த்து வாங்க வேண்டும்.

இந்த முறை எங்கே வழுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே வால் இருக்காது. தயாமெத்தாக்சாம் ப்ரிட் குடும்பம்தான், பெயரில் தெரியாது. ஃப்ளூபென்டியமைடும் குளோரான்ட்ரானிலிப்ரோலும் வால் வேறு, வேலை ஒன்றே. இலைச்சுருட்டுப் புழுவுக்கு இதற்குப் பின் அது என்று அடிப்பது மாற்றி அடித்ததாகாது. ஃபென்வலரேட்டும் எடோஃபென்ப்ராக்ஸும் த்ரின் என்று முடியாவிட்டாலும் வேலையில் த்ரின்தான். மறுபக்கம், ஒரே வால் இருந்தும் வேலை வேறாக இருப்பவை உண்டு. ட்ரைசைக்ளசோல் 'அசோல்' என்று முடிந்தாலும் கொனசோல்களைப் போல வேலை செய்வதில்லை. குலைநோய்ப் பூஞ்சாணம் இலைக்குள் துளைத்துப் போகத் தேவையான கருநிறமியை அது தடுக்கிறது. அதனால் நோய் வருமுன்னோ தொடக்கத்திலோ அடித்தால்தான் பலன்; இலையுறைக் கருகலுக்கு அது உதவாது. எல்லாவற்றிலும் ஆபத்தானது 'யூரான்'. நோவாலூரான், லுஃபெனூரான் புழு தோலுரிப்பதைத் தடுக்கும் பூச்சி மருந்துகள். டையூரான் களைக்கொல்லி. வாலை மட்டும் பார்த்து அதைப் பயிரில் அடித்தால் பயிர் போய்விடும். ஆகவே வரிசை எப்போதும் இதுதான்: முதலில் சைடு, எதைக் கொல்வது என்று. பிறகு தொழில்நுட்பப் பெயரின் வால், எந்தக் குடும்பம் என்று. அதிலும் தெளிவில்லையென்றால், ஐ.ஆர்.ஏ.சி. எனும் பன்னாட்டுக் குழு பூச்சிக்கொல்லிகள் வேலை செய்யும் விதத்தை வைத்து எண் கொடுத்திருக்கிறது; அந்த எண் வேறாக இருந்தால்தான் மருந்து வேறு. த்ரின்களுக்கு 3, ப்ரிட் குடும்பத்துக்கு 4, ப்ரோலுக்கும் ஃப்ளூபென்டியமைடுக்கும் 28. உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டாலும் சொல்வார்கள்.

வால் சொல்லாத இன்னொன்று, மனிதனுக்கு எவ்வளவு விஷம் என்பது. அதற்குப் பாட்டிலில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. மருந்தடித்தவருக்கு மயக்கம், வியர்வை, எச்சில் ஒழுகுதல், மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், பாட்டிலை அல்லது லேபிளின் படத்தையாவது கையோடு கொண்டு போங்கள். ஃபாஸ் குடும்பத்துக்கான நச்சுமுறிவு மருந்து வேறு, த்ரின் குடும்பத்துக்குச் செய்யும் சிகிச்சை வேறு. விற்பனைப் பெயரை வைத்து மருத்துவரால் அதைப் பிரித்தறிய முடியாது.

சைடு என்பதன் பொருள் மனதில் இருந்தால் இன்னொரு நஷ்டத்தையும் தவிர்க்கலாம். பயிர் நோயைத் தடுக்க வாங்கும் ட்ரைக்கோடெர்மா ஒரு பூஞ்சாணம், சூடோமோனாஸ் ஒரு பாக்டீரியா. இரண்டும் உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும். விதையைக் கார்பன்டசிம் என்ற ஃபங்கிசைடில் நேர்த்தி செய்துவிட்டு அதன்மேல் ட்ரைக்கோடெர்மாவைக் கலப்பது, வாங்கிய உயிரை வாங்கிய மருந்தாலேயே கொல்வது. சூடோமோனாஸோடு தாமிர மருந்தை ஒரே டேங்கில் கலப்பதும் அப்படித்தான். களைக்கொல்லி அடித்த டேங்க் பற்றியும் இதே எச்சரிக்கை: 2,4-டி அடித்த தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் கோடைப் பருத்திக்கும் தரிசு உளுந்துக்கும் எடுக்காதீர்கள். மிச்சத் துளியிலேயே பருத்தி இலை விரல் போலக் குறுகிவிடும். அதற்கென்று தனி டேங்க் வைத்துக்கொள்வதுதான் வழி.

உங்கள் வயலில் இப்போது செய்ய வேண்டியது: மூன்றாவது பாட்டில் வாங்குமுன் இலையை எண்ணுங்கள். தூர் கட்டும் பருவத்தில் நூறு இலையில் பத்துக்கும், பூக்கும் பருவத்தில் கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலை நூற்றில் ஐந்துக்கும் குறைவாகச் சேதம் இருந்தால் மருந்தே தேவையில்லை. சுருளைப் பிரித்துப் பாருங்கள். புழு இல்லாமல் வெறும் சுருளாக இருந்தால் அந்தத் தலைமுறை முடிந்துவிட்டது, அடிப்பது வீண். இரண்டு முறை த்ரின் அடித்திருப்பதால் தூரை விலக்கிப் புகையானையும் பாருங்கள். அளவுக்கு மேல் உயிருள்ள புழு இருந்தால் மட்டும் வேறு குடும்பத்துக்குப் போங்கள். குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி என்றால் ஏக்கருக்கு 60 மில்லி, மா கணக்கில் 20 மில்லி. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் குறையாமல், வெயில் தணிந்தபின். லேபிளில் வேறு அளவு இருந்தால் லேபிள்தான் சரி. அடித்த தேதியையும் தொழில்நுட்பப் பெயரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை கடையில் "இது வேற மருந்து" என்றால் அந்த நோட்டை எடுத்துப் பெயரின் வாலை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.